இடது கீல்

கதோரேப் பள்ளத்தாக்கில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைப்பதைப் போல ஒரு தலைவிதி வேறெங்கும் கிடையாது. ஊரே கண்ணாடி செய்கிறது. பிரேமை அறுப்பவன், அரத்தால் ராவுபவன், மெருகு போடுபவன் என்று வீட்டுக்கு ஒருவராவது ஏதாவதொரு பட்டறையில் இருப்பார்கள். கரண்டி எடுக்க இழுப்பறையைத் திறந்தால் கூடவே நாலு பிரேம் வரும். அந்த ஊரில் போய் ஃபியொரென்சா கடை போட்டிருந்தாள். கண்ணைப் பரிசோதித்து லென்ஸ் போட்டுக் கொடுப்பாள், அதில்தான் அவள் அடுப்பு எரிந்தது. பிரேம் வாங்க ஒரு ஈ காக்கை வராது. வாசலில் நின்று விலைச்சீட்டைப் பார்த்து, "இதுக்கா இந்த விலை? போன மாசம் என் கையால ராவினதுடி இது!" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அப்படிச் சிரிப்பவர்களில் எஜீதியோவின் சிரிப்புதான் தெருக்கோடி வரை கேட்கும். முதலாளி ஒத்தாவியோவின் பட்டறையில் கடைசி மேசை எஜீதியோவுடையது. முடிந்து வருகிற பிரேமை இளஞ்சூட்டில் காட்டி, காதில் மாட்டுகிற அதன் கைகளை வளைத்து, மனித முகத்தில் உட்காரும்படி செய்வது அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்லாத நாட்களில் அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது மாடலின் முதல் உருப்படி எஜீதியோவின் மனைவி நீவெஸின் முகத்துக்குத்தான் போகும். சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் அவளை உட்கார வைத்து, மூக்கில் பிரேமை வைத்து, ஒரு அடி பின்னால் போய் நின்று எஜீதியோ பார்ப்பார். புருவம் எங்கே முடிகிறது, கன்னம் சிரிக்கும்போது எங்கே முட்டுகிறது, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று ஒன்று விடாமல் பார்ப்பார். மறுநாள் ஒத்தாவியோ, "நீவெஸ் மூஞ்சி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தை அறுக்கச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் படிகளில் பெண்கள் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அடுத்த வருஷம் மிலான் கண்காட்சிக்கு என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள.

பிரேம் வடிவம் கெடாமல் இருக்க உள்ளே பட்டறைக்காரர்கள் பவர் இல்லாத வெறும் பிளாஸ்டிக் வில்லையைச் செருகி வைப்பார்கள். "இந்த வாரம் ஃபியொரென்சாகிட்ட குடுத்து உன் கண்ணுக்கு லென்ஸ் மாத்திடலாம்" என்று எஜீதியோ ஒவ்வொரு முறையும் சொல்வார். மாற்றுவதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும். நாற்பத்தைந்து வயதில் ஒரே ஒரு தடவை அவளுக்கு உண்மையான லென்ஸ் போட்டார்கள். இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. இந்த ஊரில் கண்ணாடி என்றால் பிரேம்தான்; லென்ஸ் யாரோ அந்நியன் செய்கிற சாமான்.

அந்த முதல் உருப்படிகளில் ஒரு வியாதி இருந்தது. நீவெஸ் போட்ட பிரேம்களில் எல்லாம் இடது கை மட்டும் வெளியே வளைந்துகொள்ளும், இடது கீல் ஆடும். எஜீதியோ தலையைப் பிய்த்துக்கொண்டார். கீலில் குறை என்று முடிவு கட்டி, இன்னும் ஆழமாகப் பதித்து, தடித்த ஆணி போட்டு, கோத்துக்கொள்ளும் பற்களைக் கூட்டி ஒரு புதுக் கீல் செய்தார். ஒத்தாவியோ அதை இரண்டு பக்கமும் வைத்து, 'அசையாத கீல்' என்று பெயர் சூட்டி மிலானுக்குக் கொண்டு போனார். விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. அதன்பிறகு நீவெஸின் கீல் ஆடவில்லை. பிரேமின் இடது ஓரத்தில் கீறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு நல்ல மெருகு கிடைக்குமா என்று எஜீதியோ தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, கார்ச் சாவி நீவெஸின் கோட்டுப் பையில் இருக்கிறதென்று கையை விட்டவர் ஒரு கண்ணாடியை வெளியே எடுத்தார். கைகள் நூல் மாதிரி மெலிசு. மூக்கில் உட்காரும் இடத்தில் இன்னும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"பார்த்தா தெரியல? கண்ணாடி."

"யாரோடது?"

"என்னோடதுதான். மருந்துக்கடையில சுழல்ற கம்பியில தொங்கவிட்டிருப்பான்ல, அதுல ஒண்ணு."

எஜீதியோவுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. "சீனாக்காரன் சாமான்! என் பொண்டாட்டி பையில! இதனால எத்தனை பட்டறைய இழுத்து மூடினாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன? எங்கண்ணன் பட்டறையும் அதுல ஒண்ணுதான். ஆனா இதைப் போட்டா மாவுப் பாக்கெட்டுல இருக்கிற எழுத்து தெரியுதே, நான் என்ன செய்ய?"

"நான் குடுக்கிறதுல தெரியலையா?"

"நீ குடுக்கிறதுல நான் தெரியறேன், எஜீதியோ. எனக்கு ஒண்ணும் தெரியல."

அன்று பொலெந்தா என்கிற சோளக் களியை அவர் முறைத்தபடியே தின்றார். கோபம்தான், வேறொன்றும் இல்லை. மருந்துக்கடைக்காரனிடம் தோற்றுப் போவதா என்ற கோபம். மறுநாள் பட்டறையிலேயே ஆக நல்ல பிரேம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நீவெஸைக் கையோடு ஃபியொரென்சாவின் கடைக்கு அழைத்துப் போனார்.

"அட, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றாள் ஃபியொரென்சா. "மழை கொட்டப் போகுது இன்னிக்கு. உட்காருங்க அத்தை."

"வாயக் குறைச்சுக்கோ. இருக்கிறதுலயே ஒசத்தியான லென்ஸா போடு. சீனாக்காரன் தலையைத் தொங்கப் போடணும்."

ஃபியொரென்சா முதலில் இடது கண்ணை மூடி வலது கண்ணுக்குப் பார்த்தாள். கொஞ்சம் தடுமாறினாலும் நீவெஸ் படித்துவிட்டாள். பிறகு வலது கண்ணை மூடினாள்.

"மேல் வரிசை படிங்க அத்தை."

"வரிசை எங்க இருக்கு?"

"நீவெஸ், விளையாடாதே, அவளுக்கு வேலை இருக்கு" என்றார் எஜீதியோ.

"விளையாடலப்பா. ஒரு துண்டு சுவர் தெரியுது. மீதி எல்லாம் புகை மாதிரி இருக்கு."

ஃபியொரென்சா விளக்கைப் போட்டாள். கண்ணுக்குள் காற்று ஊதி அழுத்தம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். கேலி பேசுகிற முகம் அவளிடம் இப்போது இல்லை.

"இது லென்ஸால தீர்ற விஷயம் இல்ல. பெல்லூனோ ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் போடறேன்."

"இது என்ன புது வியாபாரமா?" என்று எஜீதியோ கேட்டார். கேட்ட வாய் அவருக்கே கசந்தது.

"பாருங்க, இதுக்குத்தான்!" ஃபியொரென்சா கருவியைத் தள்ளி வைத்தாள். "கோயில்ல பக்கத்துப் பெஞ்சில உட்கார்ந்து எத்தனை ஞாயிறு பார்த்திருக்கேன். அத்தை போட்டிருக்கிறது வெறும் வில்லைன்னு பார்த்த உடனே தெரியும் எனக்கு. ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தா, இவ லென்ஸ் விக்கப் பார்க்கறான்னு நீங்க சிரிப்பீங்க. அதுக்குப் பயந்து சும்மா இருந்துட்டேன். என் தப்பும்தான்."

பெல்லூனோவில் ஓர் இருட்டறைக்குள் நீவெஸை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவியின் முன் உட்கார வைத்தார்கள். ஒளிப்பொட்டு தெரியும்போதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். எஜீதியோ கதவோரம் நாற்காலியில் இருந்தார். வலது கண்ணுக்குப் பொத்தான் ஓயாமல் டிக் டிக்கென்று கேட்டது. இடையிடையே கொஞ்சம் விட்டுப் போயிற்று. இடது கண்ணுக்கு மாற்றினார்கள். கருவி உறுமிக்கொண்டிருந்தது. பொத்தான் சத்தம் இல்லை. அமுக்குடி, என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார். எப்போதோ ஒரு டிக் கேட்டது. மறுபடி அமைதி.

டாக்டர் சிசிலியிலிருந்து வந்த இளம்பெண். சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப்போய் நரம்பு செத்துக்கொண்டு வந்திருக்கிறது. வலி இருக்காது, அதனால் ஆளுக்கே தெரியாது. இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, ஆனால் தினமும் சொட்டு மருந்து விட்டால் அதைக் காப்பாற்றி வைக்கலாம்.

"கண்ணாடி போடறவங்கதானே? கடைசியா யார் செக் பண்ணினாங்க?"

எஜீதியோ நீவெஸ் மடியிலிருந்த பிரேமைப் பார்த்தார்.

"இடது பக்கமா எங்கயாவது இடிச்சுக்குவாங்களா? கதவு, அலமாரி, இப்படி? வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"கீல்" என்றார் எஜீதியோ.

"என்னது?"

"கீல்... நான் கீலை மாத்தினேன், டாக்டரம்மா."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நீவெஸுக்குப் புரிந்தது. அவர் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். ஒவ்வொரு முறை பிரேமின் இடது கை வளைந்தபோதும் அது கதவு நிலையில் மோதிய கதையைத்தான் அவர் மேசைக்குக் கொண்டுவந்து போட்டது. அவர் அதை எடுத்து நிமிர்த்தி, பலப்படுத்தி, மெருகேற்றி, ஊருக்கெல்லாம் விற்கக் கொடுத்திருந்தார். அந்த முகத்தை அவரளவுக்குப் பார்த்த ஆண்பிள்ளை இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. அவர் பார்க்காமல் விட்டது அதிலிருந்த இரண்டு கண்களைத்தான்.

திரும்பும் வழியில் கார் மலைப்பாதை ஏறத் தொடங்கியது.

"ஏன்டி சொல்லல?" என்றார் எஜீதியோ.

"வயசானா இப்படித்தான்னு நினைச்சேன்."

"பொய் சொல்லாதே. லென்ஸ் இல்லாதது கூடவா தெரியல உனக்கு? கேட்டு வாங்கியிருக்கலாம்ல?"

நீவெஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ பிரேமை மூக்குல வச்சுட்டு, ஒரு அடி தள்ளி நின்னு பார்ப்பியே. அந்த நேரத்துல மட்டும்தான் நீ என்னை அவ்வளவு நேரம் பார்ப்ப. தெரியலன்னு சொல்லி அதைக் கெடுத்துக்க மனசு வரல."

எஜீதியோ காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அடுத்த ஞாயிறு கோயில் படியில் ஒத்தாவியோ வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். பாரிஸிலிருந்து பெரிய ஆர்டர், அதுவும் அந்தக் கீலுக்காகவே. "எல்லாருக்கும் ஒரு கிளாஸ் ஒயின் என் கணக்கு! எஜீதியோ, சொல்லுய்யா, இந்தக் கீல் உன் மண்டையில எப்படி உதிச்சுது?"

கூட்டம் சுற்றி நின்றது. நீவெஸ் அவர் கையைப் பிடித்து, வேண்டாம் என்பது போல இழுத்தாள். எஜீதியோ தொப்பியைக் கழற்றினார்.

"உதிக்கல. இவளுக்கு இடது கண் போயிட்டிருந்துது. கதவுல இடிச்சு இடிச்சு வளைச்சுக்கிட்டு வந்தா. பொண்டாட்டிக்கு என்ன ஆச்சுன்னு கேட்கிற புத்தி எனக்கு இல்ல. பிரேமுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தேன். அப்படி வந்த கீல் அது."

ஒத்தாவியோவின் மனைவி தன் கண்ணாடியை மெதுவாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வெறும் வில்லை. பக்கத்தில் நின்றவளும் கழற்றினாள். ஃபியொரென்சா கடைசிப் படியில் நின்றிருந்தாள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் கடை வாசலில் வரிசை தெருவரை நின்றது. அத்தனை பேர் கையிலும் அவரவர் பிரேம். கடைப் பிரேம் ஒன்றுகூட விற்கவில்லை. "போங்க, நாசமாப் போங்க" என்று சந்தோஷமாகத் திட்டிக்கொண்டே ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள்.

சாயங்காலம் எஜீதியோ சொட்டு மருந்துக் குப்பியை எடுத்தார். சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் நீவெஸை அதே நாற்காலியில் உட்கார வைத்தார். மயிரிழை பிசகாமல் பிரேம் வளைக்கிற விரல்களுக்குக் குப்பி பிடிபடவில்லை. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"இதுக்குத்தான் ஊரே உன்னைப் புகழுதா?" என்றாள்.

"பேசாம இருடி."

இரண்டாவது சொட்டு சரியாக விழுந்தது. குப்பியை மூடிவிட்டு, எத்தனையோ வருஷத்துப் பழக்கத்தில், ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"அவ்வளவு தள்ளிப் போகாத" என்றாள் நீவெஸ். "எனக்குத் தெரியற இடத்துல வந்து நில்லு."

எஜீதியோ மேசையைச் சுற்றி அவளுடைய வலது பக்கமாக வந்து, கிட்டத்தில் நின்றார்.