வேலைக் கணக்கில் ஒரு பயணம்

டுவேன் டோலஃப்சன் உள்ளே வந்து பூட்ஸிலிருந்த பனியைத் தட்டுவதற்குள், வரிக்கணக்கு போடும் ஜனெல் சேதியைச் சொல்லிவிட்டாள்.

"இந்த ஜனவரியிலேருந்து தொழிலுக்கு ஓட்டுற மைலுக்கு வருமானத்துல கழிக்கிற தொகைய மூணு சென்ட் ஏத்திட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற மைலுக்கு அதே இருபத்தொண்ணுதான். நோயாளின்னா அவ்வளவு இளக்காரம்."

டுவேன் சிரிக்கவில்லை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஊர் ஊராகப் போய் ஹீட்டர் பழுது பார்ப்பவர். போன வருஷம் அவர் இங்கே வந்தபோது மனைவி ஆர்லிஸுக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரி பிஸ்மார்க் நகரில், போக வர இருநூறு மைல். ஜனெல்தான் வழி சொன்னாள். ஆஸ்பத்திரி மைலில் ஒன்றும் தேறாது. போகும்போதெல்லாம் அந்த ஊரில் ஒரு வேலை பிடித்துக்கொண்டால் அது தொழில் பயணம், முழுதாகக் கழிக்கலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆர்லிஸே கேலி செய்தாள்: "என்னைப் பாக்க வர்றதுக்கும் ரசீது வேணுமாப்பா உனக்கு?"

நல்ல யோசனைதான். நாசமாய்ப் போக அந்த யோசனை.

ஜனெல் கணினியில் ஒவ்வொரு பயணமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "எல்லாத்துக்கும் பில் இருக்கு. உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு முடி நரைக்காது."

"நவம்பர் பதினாலை எடுத்துடு," என்றார் டுவேன்.

"ஏன்? பல் டாக்டர் கிளினிக்ல வேலை பாத்திருக்கீங்களே."

"எடுத்துடு ஜனெல்."

"நிஜமா செஞ்ச வேலைய எதுக்கு விடணும்?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்குக் காலைல ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிட்டாங்க, உடனே வான்னு. கிளம்பிட்டேன். ஊருக்குள்ள நுழைஞ்சதும், வழிலதானே இருக்கு, முடிச்சிட்டே போயிடலாம்னு தோணிச்சு. அரை மணி வேலை. அவ அதுவரைக்கும் இருப்பான்னு நெனச்சேன்."

ஜனெல் கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

"நர்ஸ் சொன்னா, ஆர்லிஸ் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாளாம், டுவேன் எங்கேன்னு. பனி, ரோடு மோசம், வந்துட்டே இருப்பார்னு சொல்லி வச்சிருக்காங்க. நான் நாலு தெரு தள்ளி ஹீட்டருக்கு ஃபில்டர் மாத்திட்டிருந்தேன்."

வேலையையும் சேர்த்துக்கொள்ள யோசனை சொன்னவள் ஜனெல்தானே.

"அந்த ஒரு நாளால எனக்கு எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார்.

"வேண்டாமே டுவேன்."

"சொல்லு."

அவள் மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். "வரில முப்பத்தாறு டாலர்."

அவர் அதைத் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அழுகைகூட வரவில்லை. இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரத்துக்கு இப்போது விலையும் தெரிந்துவிட்டது.

ஜனெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையில் அந்தப் பயணத்தின் மேல் விரலை வைத்தாள். "எடுத்துடறேன். மனைவியைப் பாக்கப் போனதுன்னு மாத்திப் போட்டுடறேன்."

டுவேன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம், இருக்கட்டும். அப்படிப் போட்டா பொய்யாயிடும். அன்னைக்கு நான் போனது வேலைக்குத்தான்."