கௌஸ் பாஷா வளர்த்த கிருமி

1986இல் ஓசூர் சிப்காட்டில் பென்சிலின் குப்பி நிரப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு நைட் ஷிப்ட். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே அதிகம். காலையில் பரிசோதனைக் கூடத்தை கௌஸ் பாஷாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவேன். அவன் டெம்பரரி. வேலை பர்மனென்ட் ஆனால்தான் மகள் சுக்ராவைக் கட்டிக்கொடுப்பேன் என்று ராயக்கோட்டைத் தக்காளி மண்டி லால் பாஷா சொல்லியிருந்தார்.

குப்பிக்குள் கிருமி கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் பென்சிலின் எதையும் முளைக்க விடாது. அதனால் முதலில் பென்சிலினை உடைக்க ஒரு என்சைம் தேவை. அதைச் செய்து தருவதும் ஒரு கிருமிதான். அந்தக் கிருமியைக் குடுவையில் வளர்ப்பது பாஷாவின் வேலை. அது வளர்ந்ததும் துளி பென்சிலின் விடச் சொல்லியிருந்தார் கெமிஸ்ட் சென்னகிருஷ்ணன்.

பாஷா விடவில்லை. குடுவை கூழ் மாதிரி திரண்டிருந்தது. என்சைம் கொஞ்சமும் இல்லை. சென்னகிருஷ்ணன் அவனைப் பிடித்துக்கொண்டார்.

“கொழுகொழுன்னு வளந்துச்சி சார். அதுக்குப் போயி வெஷம் வெக்க மனசு வர்ல.”

“யோவ், சும்மா தீனி போட்டா அது எதுக்குய்யா என்சைம் செய்யும்? உள்ள பூட்டிப்போட்டு வெச்சிருக்குது. பென்சிலின் மேல பட்டாத்தான் பூட்டு தெறக்கும். இன்னொரு வாட்டி கெடுத்தா நீ ஊருக்குக் கெளம்பு.”

பயந்துபோனவன், மறுமுறை கிருமியை விதைத்த கையோடு தாராளமாகப் பென்சிலினை ஊற்றினான். குடுவை தண்ணீராகக் கிடந்தது. எல்லாம் காலி. சென்னகிருஷ்ணன் பார்ப்பதற்குள் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டோம். பாசத்தில் உதவவில்லை, கிருமி செத்தால் நைட் ஷிப்டைத்தான் முதலில் கேட்பார்கள். இம்முறை வளரவிட்டு, துளி மட்டும் விட்டோம். என்சைம் வந்தது. பாஷா பர்மனென்ட் ஆனான்.

லால் பாஷா நம்பவில்லை. விசாரிக்க கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார்.

“உனுக்கு என்னா வேலப்பா?”

“மருந்த ஒடைக்கற கிருமிய வளக்கறேன் மாமா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “மருந்து கம்பெனின்னான்?”

“மருந்து கம்பெனிதான்,” என்றேன்.

“அப்பறம் மருந்துக்கு எதிரிய எதுக்குடா சோறு போட்டு வளக்கறீங்க? ஊருக்குள்ள வந்துட்டா?”

“சீண்டாத வரைக்கும் அது பாட்டுக்குக் கெடக்கும் மாமா,” என்றான் பாஷா. “கொஞ்சமா சீண்டனாத்தான் கெளம்பும்.”

லால் பாஷா தாடியைத் தடவினார்.

“அப்ப நீ சமாளிச்சிக்குவ,” என்றார். “சுக்ராவும் அந்த ரகந்தான்.”

பாஷா சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.