சதுப்புக்குப் போகிற வழி

அன்று யோர்டிஸ் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நால்வர். அடுப்பை ஒட்டி, வாஃபிள் அச்சும் கையுமாக யோர்டிஸ். புருஷன் போனபின் தனியாக இருப்பவள். அவளுக்கு எதிரே நான். என் இடப்பக்கம் என் கணவர் டாகே. ஜன்னலோரப் பெஞ்சில் என் தம்பி சிக்ஸ்டன். அவள் வீட்டுக் கூரையைச் சரிபார்க்கிறேன் என்று வாராவாரம் ஊமியோ நகரத்திலிருந்து வருகிறவன்.

மேசை நடுவில் ஒரு கிண்ணம் நிறைய யூட்ரோன் ஜாம். அதைக் கண்டதும் வாஃபிளைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

சதுப்புக் காட்டில் காய்க்கும் அந்த ஆரஞ்சு நிறச் சிறு பழத்தை யார் நிலத்திலும் யாரும் பறிக்கலாம், சட்டம் தடுக்காது. அதனாலேயே நல்ல இடத்தை இங்கே ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் இடத்தை அப்பா எனக்கும் சிக்ஸ்டனுக்கும் மட்டும் காட்டினார். அந்த ரகசியம் வீட்டு மனிதர்களைத் தாண்டிப் போகக் கூடாது என்றார். டாகேயைக்கூடக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கூட்டிப்போனேன். இந்த ஆண்டு நான் வாளியோடு போனபோது அங்கே வெறும் இலை; யாரோ முந்திக்கொண்டு பறித்திருந்தார்கள்.

"ஜாம் அருமையா இருக்கு யோர்டிஸ். எங்க பறிச்சே?"

கேட்கக் கூடாத கேள்வி. டாகே மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

"காட்டுலதான்."

"காட்டுலயா! நான் கடல்லன்னு நினைச்சேன்," என்று டாகே சிரித்துச் சமாளித்தார். சிக்ஸ்டன் சிரிக்கவில்லை.

"உயிரோட திரும்பினதே பெரிசு. ஓடைக்குக் குறுக்கே ஒரு பலகை, உளுத்துக் கிடக்கு. கால் உள்ள போயிருக்கும்," என்றாள் அவள்.

எங்கள் இடத்துக்குப் போக அந்தப் பலகையைப் போட்டவர்கள் நானும் தம்பியும். அவளுக்கு வழி காட்டியது டாகேயாக இருக்காது, அவருக்குத் தனியாகப் போக வழியே தெரியாது.

"ஏன்டா முகம் சிவக்குது?"

"காபி சூடுக்கா."

அவன் கோப்பையில் காபியே இல்லை. யோர்டிஸ் ஊற்றினாள். பிறகு கேட்காமலே ஓட்ஸ் பாலையும் விட்டாள். 'ஓட்ஸைக் குதிரைக்குப் போடுங்க' என்று போன கோடையில் ஓட்ஸ் பால் கேட்ட அவனைக் கிண்டல் செய்தவள்! டப்பா பாதி காலி.

"யாருக்கு வாங்கினே?"

"வயித்துக்கு நல்லதாமே," என்று அச்சின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் டாகேயிடம் சொன்னேன்: "ஒண்ணு, ஒரு கோப்பை காபிக்கு நம்ம இடத்தை வித்துட்டான். இல்லேன்னா அவளை வீட்டு மனுஷியாவே நினைச்சுட்டான்."

"எதுன்னு அவனையே கேளேன், ராங்ஹில்ட்."

"நேர்ல கேட்டா, காபி சூடும்பான்."

எழுதினேன்:

"தம்பி, யோர்டிஸ் நம் வீட்டு மனுஷி என்றால், கிறிஸ்துமஸுக்கு இருவரும் சேர்ந்து வந்து என் மேசையில் உட்காருங்கள். இல்லையென்றால், வழியைக் காட்டிக்கொடுத்தவனுக்கு அந்தச் சதுப்பில் இனி வேலையில்லை. எது என்று எழுது."

தோளுக்கு மேலாகப் படித்த டாகே, "கீழே 'அன்புடன்'னு போடேன்," என்றார்.

"பதில் வரட்டும். அப்புறம் அன்பு."

உறையை ஒட்டி, மஞ்சள் தபால் பெட்டிக்குள் போட்டேன்.