மூன்றாம் நிலைக்கு முன்

“தீதி, உனக்கு ரஞ்சனா தீதி மேலதானே கோபம்? அப்புறம் எதுக்குப் பாவம் அந்தப் பேப்பரைச் சுடற?”

அக்காவை வங்காளிகள் மாதிரி ‘தீதி’ என்றே கூப்பிடும் ஆறு வயதுத் தங்கை அனன்யா ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் இப்படிக் கேட்டபோது அம்மா வத்சலா சிரித்துவிட்டாள். அக்ஷராவுக்குச் சிரிப்பு வரவில்லை. “வாயை மூடிண்டு சாப்பிடு” என்றாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் மாநிலத் துப்பாக்கி சுடும் அணிக்கான தேர்வில் அவளுடைய கடைசிக் குண்டு, முன்பே விழுந்திருந்த துளைக்குள்ளேயே புகுந்து போய்விட்டது. அட்டையில் ஒன்பது துளைகள்தான். பத்தாவது குண்டு இலக்கைத் தவறிவிட்டது என்றார் நடுவர். அடுத்த தடத்தில் சுட்டவள் ரஞ்சனா, ஜாதவ்பூரில் படிக்கும் மதுரைப் பெண். தன் சுற்றை முடித்துவிட்டு அவள் தொலைநோக்கியில் அக்ஷராவின் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் கேட்டதும், “நான் கவனிக்கல சார்” என்றுவிட்டாள். அணியின் கடைசி இடம் ரஞ்சனாவுக்கே போயிற்று.

அன்றிலிருந்து அக்ஷரா எழுந்ததும் படுத்ததும் ஒரே நினைப்போடுதான். ரஞ்சனாவை எல்லோர் கண்ணெதிரிலும் கீழே தள்ள வேண்டும். கோயிலில் கண்ணை மூடினாலும் அதையே கேட்டாள். மண்டியிட்டாலும், படுத்தாலும், நின்றாலும் கன்னம் ரைஃபிளில் ஒரே இடத்தில் பதியும்வரை பழகினாள். துளைகள் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. நின்று சுடும்போது மட்டும் சில நாள் சிதறும். அப்போதெல்லாம் ரஞ்சனாவின் முகத்தை நினைத்துப் பல்லைக் கடிப்பாள். இன்னும் அதிகமாகச் சிதறும்.

இந்த வருஷமும் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தடம். அணியில் மிச்சம் ஓர் இடம். மண்டியிட்ட நிலையில் இருவருக்கும் சமமான புள்ளி. படுத்துச் சுடும்போது கால்பைசாகி, அந்த ஊர்க் கோடைப் புயல், வந்துவிட்டது. தூசியும் காற்றும் மைதானத்தைப் புரட்டின. அக்ஷரா விசையில் விரல் வைத்திருந்தாள். திடீரென்று ரஞ்சனா கையைத் தூக்கினாள்.

“சார், நாலாம் நம்பர் அட்டை கழண்டு ஆடுது!”

நாலாம் நம்பர் அக்ஷராவுடையது. சுடுவதை நிறுத்தச் சொன்னார்கள். அட்டையை இறுக்கி மாட்டினார்கள். அதுவரை தொடர்ந்து பத்துப் பத்தாய் எடுத்துக்கொண்டிருந்த ரஞ்சனா, நிறுத்திவிட்டுத் தொடங்கிய முதல் குண்டில் எட்டுப் புள்ளிதான் எடுத்தாள்.

சுற்று முடிந்ததும் அக்ஷரா கேட்டாள்: “உன்னை யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. கண்ணுல பட்டுச்சு.”

“போன வருஷம் கண்ணு எங்க போயிருந்துதாம்?”

ரஞ்சனாவின் முகம் வெளுத்தது. நின்று சுடுவதற்காக, ரைஃபிளில் தோளோடு பதியும் பின்தட்டைக் கீழே இறக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள்.

இடைவேளை. மழைக்குப் பயந்து எல்லோரும் தேநீர்க் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். தன் துப்பாக்கி உறையை எடுக்கக் குனிந்த அக்ஷரா, பக்கத்து விரிப்பின்மேல் கிடந்த ரஞ்சனாவின் ரைஃபிளைப் பார்த்தாள். பின்தட்டை இறக்கியவள் திருகாணியை இறுக்க மறந்துவிட்டாள். அதைத் திருகும் சாவி பக்கத்திலேயே கிடந்தது. இப்படியே சுட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் தட்டு நழுவும். துளைகள் அட்டை முழுக்கச் சிதறும். என்ன ஆயிற்று என்று தெரியாமலேயே அவள் அழுவாள்.

சிதறட்டும். நான் ஒன்றும் செய்யவில்லையே.

ஒரு வருஷமாகக் கேட்ட வரம் காலடியில் கிடந்தது. அக்ஷரா நாலடி நடந்தாள். தன் அட்டைக்காகச் சுடுவதை நிறுத்தியதால்தான் அவளுக்கு அந்த எட்டு விழுந்தது என்று நினைத்ததும் நின்றாள். அவளைக் கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பேச இன்னும் நா எழவில்லை. அடுத்தவர் துப்பாக்கியைத் தொட்டது தெரிந்தாலோ, போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. மனத்துக்குள் ரஞ்சனாவைத் திட்டிக்கொண்டேதான் திரும்பி வந்து மண்டியிட்டாள்; திட்டிக்கொண்டேதான் திருகாணியை இறுக்கினாள். கட்டைவிரலால் தட்டை அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் அரைச் சுற்று இறுக்கிவிட்டு, சாவியைக் கிடந்த இடத்திலேயே போட்டாள்.