கடலுக்கு ஆகாத பச்சை

ஆண்கள் இடுப்பில் பாவாடைபோல் சுற்றிக் கட்டும் கில்ட் ஒன்றுக்குத் தையற்காரர் சொன்ன விலைக்குப் பசுமாடே வாங்கலாம். லாக்லன் இரண்டையும் வாங்கவில்லை. சந்தையில் கழித்துப் போட்டிருந்த முரட்டுக் கம்பளியில் இல்லாத பூச்சியோட்டையைக் காட்டி, நாலரை கஜத்தைப் பாதி விலைக்குப் பேசி முடித்தான். விற்றவன் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தபோதே யோசித்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்கே இருட்டிவிடும் மாதம் அது. சமையலறை விளக்கில் துணி கருநீலமாகத்தான் தெரிந்தது. அவனே மடித்துத் தைத்தான்: முன்பக்கம் தட்டையாக இரண்டு சுற்று, பின்பக்கம் இருபத்தைந்து கொசுவம். இடுப்பில் பூட்ட, செத்துப்போன நாயின் கழுத்துவார். வலை இழுக்கும்போது நனைந்தால் உடனே உலரும், தினசரிக்கு இது போதும் என்றான். மிச்சத் துணியில் அவன் மனைவி ஈனா தன் தம்பி ரோரியின் சட்டைக்கு உள்துணி தைத்தாள்.

விடிந்து படகுத்துறையில் நின்றபோது, நீலம் பச்சையாகியிருந்தது. பச்சையைக் கண்டால் கடல் கோபிக்கும் என்று அந்தத் துறையில் பச்சைத் தட்டைக்கூடப் படகில் ஏற்றமாட்டார்கள்.

வாட்டி என்ற படகுக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்பா லாக்லன், இடுப்புல என்ன, புல்லு முளைச்சிருக்கு?"

"நீலம்தாண்ணே. வெயில்ல அப்படித் தெரியுது."

"கடலுக்கும் அதே வெயில்தான். வீட்டுக்குப் போ. இன்னிக்கு நீ கால்சட்டை மாட்டிட்டு வந்தாலும் ஏத்த மாட்டேன்."

படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ரோரியும் சிரித்தான், குளிருக்குச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். லாக்லனுக்கு அப்போதுதான் அந்த உள்துணி நினைவுக்கு வந்தது. சொன்னால் ரோரியையும் இறக்கிவிடுவார்கள். ஒரு முழத் துணிக்குப் பயந்தவன் என்று தன்னையும் வருஷம் முழுக்கக் கேலி பேசுவார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டான். படகு தடுப்புச்சுவரைத் தாண்டியது.

அவன் வீட்டுக்குப் போகாமல் துறையிலேயே கடலைப் பார்த்து நின்றான். முதுகுப் பக்கமிருந்து வீசிய நிலக்காற்று கொசுவங்களைக் காலோடு ஒட்டிப் பிடித்திருந்தது. பத்து மணிவாக்கில் அது நின்றது. கொசுவங்கள் தொங்கின.

ஈனா கஞ்சி ஆறுகிறதென்று தேடிவந்தாள். நடந்ததைக் கேட்டாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தான், செய்யவில்லை.

"ரோரி சட்டையைக் கழட்டிட்டுத்தானே போனான்?"

லாக்லன் கடலையே பார்த்தான்.

"நீங்க சொல்லலையா?"

வடகிழக்கிலிருந்து முதல் வீச்சு வந்தது. அந்தக் காற்று எழுந்தால் துறைக்குள் எந்தப் படகும் நுழைய முடியாது. கில்ட்டின் முன்பக்கம் அவன் முழங்காலில் அறைந்தது. பின்னால், அவன் ஒவ்வொன்றாய் நீவி மடித்த கொசுவங்கள் எல்லாம் எழும்பி ஊரைப் பார்த்துப் பறந்தன.