ஏழாவது அடி

முதுகு முழுக்கக் காதாக நடக்கிறேன், மெதுவாக, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, போகிறவன்தான் ஆனால் இன்னும் போய்விடவில்லை என்று பின்னால் நிற்கிறவருக்குப் புரிகிற மாதிரி, ஒன்று, இரண்டு, மூன்று, கேட்டின் கொண்டி அசைகிற சத்தம்கூட இல்லை, பக்கத்தில் என் மனைவி தங்கபுஷ்பம் மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி என் நடைக்குத் தன் நடையைக் குறைத்து வருகிறாள், நாலு, ஐந்து, ஏழாவது அடியில் குரல் வரும், வந்தாக வேண்டும், முப்பது வருடம் பாத்திரக்கடையில் உட்கார்ந்து எத்தனை முதுகுகளைக் கூப்பிட்டவன் நான், ஆறாவது அடியில் கூப்பிட்டால் நமக்கு அவசரம் என்று தெரிந்துவிடும், எட்டாவதில் கூப்பிட்டால் அந்த அம்மாள் எதிர்க்கடைப் படியில் கால் வைத்திருப்பாள், ஏழில்தான் கூப்பிட வேண்டும், யம்மா, இங்க வாங்க, இதுக்குப் போய் கோவிச்சுக்கிட்டா எப்படி, உங்க விலைதான் என்ன, அவளும் காதில் விழாதவள் போல இன்னொரு அரை அடி வைத்துவிட்டுத் திரும்புவாள், அந்த அரை அடிக்குத்தான் குக்கரில் இருபது ரூபாய் குறையும், ஆனால் அன்று பேசியது குக்கர் இல்லை, பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்தாறு வருடம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு.

வீட்டுக்காரர் வரதராஜுலு துறைமுகத்தில் சம்பளம் வாங்கி ரிட்டயரானவர், கத்திரிக்காய்க்காரி சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றி வேறு சொல்கிற மனிதர், பக்கத்துத் தெருவில் தான் குடியிருந்த வீட்டுக் கூடத்தில் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து, அண்ணாச்சி, மகளோட பெங்களூர் போறேன், நீங்க இருக்கிற வீட்டைக் குடுத்துடலாம்னு இருக்கேன், வெளிய அம்பது லட்சத்துக்குக் கேக்கறாங்க, உங்களுக்குன்னா நாப்பது, எனக்குப் பேரம் பேசத் தெரியாது என்றார், வெளியே ஐம்பதுக்குக் கேட்கிறார்கள் என்பது நான் தினம் நூறு தடவை சொல்கிற பொய், அதை ஒரு மனிதன் உண்மையாகவே சொல்லக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நாற்பதும் புரட்டி வைத்திருந்தேன், கடைமேல் கடன், அவள் நகை, சீட்டுப்பணம், முன்பணம் மஞ்சள் பைக்குள் சூடாக இருந்தது, இருந்தும் வாய் தானாகத் திறந்து முப்பத்தி நாலு என்றது, அவர் சிரித்தார், சங்கடமாக, முடியாது அண்ணாச்சி என்றார், நான் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தேன், அதுதான் முறை, எழுந்திருக்காமல் எந்த வியாபாரம் படிந்திருக்கிறது.

ஆறு, ஏழு, எட்டு, ஏங்க, அவிய வாசல்லயே நிக்காவ, ஒருக்கா திரும்பித்தான் பாருங்களேன் என்கிறாள் தங்கபுஷ்பம், நீ சும்மா நடளா, திரும்புனா ஆறு லட்சம் போச்சு என்கிறேன், தெருமுனைப் பால்பூத் வந்துவிட்டது, நின்று அரை லிட்டர் பால் வாங்கினேன், தேவையே இல்லாத பால், கூப்பிட அவருக்கு அவகாசம் கொடுக்கிறேனாம், மறுநாள் கடையில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் மூன்றாவது மணிக்கு எடுத்தேன், ஆர்வம் தெரியக்கூடாதே, பதினோராம் நாள் டேப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் எங்கள் கொல்லையை அளந்தார்கள், அறுபதுக்கு முடிந்துவிட்டதாம், மெட்ரோ வருகிறதாம், பூமிக்கு அடியில் ஒரு ரயில் ஓடும் என்று சொன்னதற்கே பூமிக்கு மேல் இருந்தவன் எல்லாம் விலை ஏறிப்போனான், வாடகைக்கு இருந்தவன் மட்டும் இருந்த விலையிலேயே இருந்தான், அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே கேட்டாலும் மூன்று மடங்கு அட்வான்ஸ், நகர்ந்து நகர்ந்து மீஞ்சூருக்கும் அப்பால் போய் விழுந்தோம், அவ்வளவு தூரத்திலிருந்து நடத்த முடியாமல் கடையும் கைமாறியது, தங்கபுஷ்பம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அதன்பிறகு அவள் எதற்கும் பேரம் பேசுவதை விட்டுவிட்டாள், கீரைக்காரி இருபது என்றால் இருபது, மீன்காரி முந்நூறு என்றால் முந்நூறு, என் முன்னாலேயே எடுத்துக் கொடுப்பாள், பத்து வருடம் அப்படியே கொடுத்துக் கொடுத்து, ஒரு சித்திரையில் டாக்டர் சொன்ன நாளையும் கூட்டிக் கேட்காமல் போய்விட்டாள்.

காரியத்துக்கு வரதராஜுலு வந்தார், தள்ளாடிக்கொண்டு, அவ்வளவு தூரம், என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்னிக்கு நான் வாசல்லயே நின்னேன் அண்ணாச்சி, நீங்க முனை திரும்பற வரைக்கும், ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தா முப்பத்தி நாலுக்கே குடுத்திருப்பேன், போற மனுஷனைக் கூப்பிட்டு சங்கடப்படுத்த வேணாம்னு இருந்துட்டேன் என்றார், அவள் படத்தில் மாலை லேசாக ஆடியது, காற்றுதான்.

இப்போது மாதம் ஒருமுறை அந்த ரயிலில் போகிறேன், வேலை ஒன்றும் இல்லை, ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் விளக்கு மினுங்கும், அந்த இடத்துக்கு நேர் மேலேதான் எங்கள் சமையலறை என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன், அண்ணாந்து பார்ப்பேன், பால் பொங்குகிறது, அவள் கரண்டியால் பாத்திரத்தின் விளிம்பைத் தட்டுகிறாள், ஏங்க, கீழ என்ன செய்யுதிய, மேல வாங்க என்கிறாள், வருகிறேன் என்று எஸ்கலேட்டரில் ஏறினால் மேலே அவள் இல்லை, வீடு இல்லை, அது இருந்த இடத்தில் எட்டு மாடி, கண்ணாடி வரவேற்பறை, வாசலில் நோட்டு, உள்ளே வந்த நேரம், பெயர், போன் நம்பர், இன்று என்ன துணிச்சலோ எல்லாவற்றையும் எழுதிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன், வாங்க அங்கிள், இந்த ஏரியா உங்களுக்குப் பழக்கமா என்று ஒரு பெண் கேட்டாள், கேள்விப்பட்டிருக்கேம்மா என்றேன், ரெண்டாவது மாடியில் ஒரே ஒரு ஃப்ளாட்தான் இருக்கு, தொண்ணூத்தெட்டு லட்சம், வெளிய ஒண்ணேகால் கோடி போகுது என்றாள், தொண்ணூற்றெட்டு, எங்கள் கடை விலைச்சீட்டு மாதிரியேதான், கோடி என்று சொன்னால் நெஞ்சு அடைக்கும் அல்லவா, என் பென்ஷன் இல்லாத சட்டைப்பையில் திரும்பிப் போக நாற்பது ரூபாய் இருந்தது, எண்பத்தாறு என்றேன், ஐயோ அங்கிள், இது ஃபிக்ஸட் ப்ரைஸ், நீங்க என்ன காய்கறியா வாங்கறீங்க என்று சிரித்தாள், நல்ல சிரிப்பு, கடையில் உட்காரவைக்கலாம், துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தேன்.

மெதுவாக நடக்கிறேன், செருப்பைத் தேய்த்து, கேட்டைத் தாண்டி ஒன்று, இரண்டு, பக்கத்தில் மஞ்சள் பையோடு யாரோ நடையைக் குறைத்து வருவது போல இருக்கிறது, ஐந்து, ஆறு, சார், சார், கொஞ்சம் நில்லுங்க, குரல், சரியாக ஏழாவது அடியில், எந்த வியாபாரியும் செய்யாததைச் செய்தேன், அரை அடிகூட வைக்காமல் முதல் கூப்பிடுதலிலேயே திரும்பிவிட்டேன், வாட்ச்மேன், கையில் அந்த நோட்டு, வெளிய போன டைம் எழுதலையே சார், எழுதினாத்தான் என்னப்பா, எழுதலைன்னா நீங்க உள்ளயே இருக்கறதா அர்த்தம் சார், அப்புறம் என்னைக் கேப்பாங்க, நான் பேனாவை வாங்கினேன், என் பெயருக்கு நேரே கட்டம் வெள்ளையாக இருந்தது, பேனாவை மூடி அவர் சட்டைப்பையில் செருகிவிட்டு நடந்தேன், ஒன்று, இரண்டு, சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், பால்பூத் இருந்த முனைவரை கேட்டது, நான் திரும்பவில்லை.