மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிய டேப்

அண்ணனுக்குக் கை உடைந்த கதையைக் கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. காரைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய சோப்புத் தண்ணீரிலேயே காலை வைத்து வழுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, ஆறு வாரம்.

நான் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஈரமான டைல்ஸ் மேல் செருப்பை இழுத்து, எவ்வளவு வழுக்குகிறது என்று அளந்து எழுத வேண்டும். இயற்பியல் படித்ததற்கு இந்த வேலைதான் கிடைத்தது. பிடித்தும் போய்விட்டது. அண்ணன் என்னைச் 'செருப்பு டாக்டர்' என்று கூப்பிடுவான். விழுந்த அன்று அவன் போட்டிருந்த செருப்பை, அடி தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடு என்று இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தேன். மெதுவாகச் சொல்லியிருப்பேன். நான் எதையும் மெதுவாகத்தான் சொல்வேன்.

அந்தக் கார் வந்தபோதும் மெதுவாகத்தான் சொன்னேன். அம்மாவின் பழைய வெள்ளைக் காரைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தான். இரண்டே இருக்கை. இன்ஜின் முன்னால் இருக்கும், பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். "பின்னாடியிருந்து தள்ளினாத்தான் அது ஸ்போர்ட்ஸ் கார்" என்று தெருவில் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் விளக்கினான். மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு இருக்கை ஏன் என்று கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, குளிக்கிற தொட்டிக்குள் இறங்கின மாதிரி இருக்கிறது என்றாள்.

அம்மா வீட்டிலிருந்தே துணி தைப்பவள். வலது கண்ணில் புரை முற்றி, ஆறு மாதமாகத் தையல் மெஷின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். முதலில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். ஆபரேஷன் செய்கிற டாக்டர் வெளியூர்க்காரர், கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். போன முறை போனபோது பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏறாமல் எப்படி இருக்கும்? அண்ணன்தான் ஓட்டிக்கொண்டு போனான்.

இந்த முறை நான் ஓட்ட வேண்டும். ஒன்பது மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், அம்மா பதறாமலும் இருக்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் இன்னும் இரண்டு மாதம். இடது கண்ணும் மங்க ஆரம்பித்திருந்தது.

விடிந்ததிலிருந்து மழை. வாடகைக் கார் கேட்டுப் பார்த்தேன். மூன்று டிரைவர்கள் வருகிறேன் என்று சொல்லி மூன்று பேரும் ரத்து செய்தார்கள். அண்ணன் ஒரு யோசனை சொன்னான். தான் பக்கத்தில் உட்கார்ந்து வழி நடத்தினால் கார் பத்திரமாகப் போய்ச் சேருமாம். அம்மா?

"அம்மா பஸ்ல வரட்டும்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை, யோசித்துத்தான் சொல்லியிருக்கிறான்.

அம்மா வாசல் பக்கம் நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஏழு மணிக்கே தயாராக இருந்தாள். நான் ஏழே காலுக்குக் காரில் ஏறினேன். அதற்கு முன் நாலு தடவைதான் அதை ஓட்டியிருக்கிறேன், எல்லாம் காய்ந்த ரோட்டில். இருக்கையைச் சரி செய்து, விளக்குகளைப் போட்டுப் பார்த்தபோது, வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே நகத்தளவு கறுப்பு டேப் ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது. உரித்தேன். அடியில் ஒரு மஞ்சள் விளக்கு. வழுக்கும் காரின் படம், இரண்டு வளைந்த கோடுகள்.

அண்ணன் ஜன்னல் பக்கம் குனிந்தான். அவன் கையிலிருந்த குடை காரின் கூரைக்குத்தான் பிடித்திருந்தது, அவன் தலைக்கு இல்லை.

"அதை ஏன் உரிச்ச?"

"இதை ஏன் ஒட்டின?"

"மழை வந்தா சும்மா சும்மா மினுக்கும். கண்ணை உறுத்துச்சு."

கார்க் கையேடு இன்னும் உறை பிரிக்காமல் பெட்டிக்குள் இருந்தது. பிரித்துத் தேடினேன். சக்கரம் வழுக்கும்போது அதைத் தடுக்கிற ஏற்பாடு ஒன்று இந்தக் காரில் இருக்கிறது, அது வேலை செய்யும்போது இந்த விளக்கு மினுக்கும் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் மழையில் ஒவ்வொரு முறையும் பின் சக்கரம் வழுக்கியிருக்கிறது. கார் அதைச் சொல்லியிருக்கிறது. இவன் அதன் வாயில் டேப் ஒட்டியிருக்கிறான்.

செருப்பு அடியின் பள்ளத்தை அளக்கிற கருவி எப்போதும் என் பையில் கிடக்கும். எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன். முன் டயர்கள் இரண்டும் புதுசு, பள்ளம் ஏழு மில்லிமீட்டர். பின் டயர்கள் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. வழவழவென்று இருந்தன. போன மாதம் புது டயர் மாட்டியிருக்கிறேன் என்று இவன் தெருவுக்கே காட்டியது எனக்கு நினைவு வந்தது. இரண்டுதான் வாங்கியிருக்கிறான். வாங்கி, முன்னால் மாட்டியிருக்கிறான்.

"திருப்புறது முன் சக்கரம்தானே" என்றான், ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வது போல.

திருப்புவது முன் சக்கரம். தள்ளுவது பின் சக்கரம். ரோட்டில் நிற்கிற தண்ணீரை டயரின் பள்ளங்கள்தான் வெளியே தள்ள வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி கிடைத்துவிடும். பின் டயர் வழுக்கினால் வால் முன்னே வரும். அப்புறம் யார் ஓட்டினாலும் ஒன்றுதான். இதையெல்லாம் சொன்னேன். நேரமில்லை என்றான். இத்தனை நாள் நான் ஓட்டவில்லையா என்றான். செருப்பு வேறு, டயர் வேறு என்றான். அது ஒன்றுதான் கொஞ்சம் வலித்தது.

"மாத்தாம நான் ஓட்ட மாட்டேன்" என்றேன்.

என் குரல் வாசல் வரை கேட்டிருக்கிறது. அம்மா அங்கிருந்து, "அவ சொல்றபடி செய்டா" என்றாள்.

டயர் கடை தெருமுனையில்தான். நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணன் மாவுக்கட்டுக்கு பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தான், கார் கைவிட்டுப் போகிற மாதிரி. கடைக்காரர் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். பின்னால் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"பட்டனே இல்லையேம்மா, பள்ளமெல்லாம் தேஞ்சு போச்சு. புதுசைப் பின்னாடிதான் போடணும்னு அன்னைக்கே அண்ணன்கிட்ட சொன்னேன். முன்னாடி போட்டாத்தான் பார்க்க நல்லா இருக்குன்னாரு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான்.

நாலு டயரும் ஒரே அளவு என்பதால் மாற்ற முடிந்தது. காரை மேலே தூக்கி, நட்டுகளைக் கழற்றி, முன்னே இருந்ததைப் பின்னே, பின்னே இருந்ததை முன்னே. காற்றையும் அளந்து சரி செய்யச் சொன்னேன். அண்ணன் நிமிடத்துக்கு ஒருமுறை மணி சொன்னான். நாங்கள் வீட்டு வாசலில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது எட்டு ஐந்து.

ஏற்றிவிட்டு அவன் சும்மா இருந்திருக்கலாம். போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் மடியில் வைக்கச் சொன்னான். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. அப்படியாக, இரண்டு இருக்கையில் மூன்று பேர் போனோம்.

இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எல்லாவற்றையும் கண்டுபிடித்தான். ஏன் மூணாவது கியரில் போகிறாய், இழுக்காது. நாலுக்குப் போ. எதுக்கு இவ்வளவு இடைவெளி விடுகிறாய், நடுவில் எவனாவது புகுந்துவிடுவான். இடைவெளி விடுவதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உண்மையிலேயே விட்டிருந்தேன். முன்னால் போன வேன் கடந்த கம்பத்தை நான் கடக்க நாலு நொடி ஆகும்படி வைத்துக்கொண்டேன். பெடலைப் பஞ்சை மிதிப்பது போல மிதித்தேன். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராகப் போனேன். வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணனும் பேசிக்கொண்டே இருந்தான்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"பாலம் ஏறுறோம்" என்றாள் அம்மா.

"அங்க மிதி. ஏத்தத்துல மிதிச்சாத்தான் போகும்."

பாலத்தின் குறுக்கே இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். மழையில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பின் சக்கரம் முதல் பட்டையில் ஏறியபோது, டேப் உரித்த இடத்தில் மஞ்சள் விளக்கு இரண்டு முறை மினுக்கியது. காலைக் கொஞ்சம் தளர்த்தினேன். அணைந்தது. அடுத்த பட்டைக்கு முன்பே தளர்த்திக்கொண்டேன். மினுக்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் இவன் ஒரு வருஷமாக மூடி வைத்திருந்தான்.

"ஏன் சத்தம் குறையுது? மிதின்னு சொன்னேன்ல" என்றது மடி.

பாலத்தின் இறக்கம் இடது பக்கம் வளையும். தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. வளைவின் முடிவில் ஒரு பஸ் நின்றிருந்தது. முன்னமே வேகத்தைக் குறைத்துத்தான் வந்தேன். ஆனாலும் தண்ணீருக்குள் நுழைந்ததும் ஸ்டியரிங் லேசானது. திருப்பினேன், கார் திரும்பவில்லை. தேய்ந்த டயர்கள் இப்போது முன்னால் அல்லவா இருந்தன. மூச்சை இழுத்திருப்பேன் போல. அது போனில் கேட்டிருக்கிறது.

"என்ன ஆச்சு? பிரேக்கை அழுத்து. பிரேக்கை அழுத்துன்னு சொல்றேன், ஏய், உன்னைத்தான்"

அவன் கத்தியதில் அம்மாவின் கை என் தோளைப் பிடித்தது. பிறகு அந்தக் கை என்னை விட்டது. போனில் எங்கே தொட்டால் அணையும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியிலிருந்து எடுத்தாள், தொடைக்கு அடியில் வைத்தாள், அதன் மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.

"நீ பார்த்து ஓட்டு பாப்பா" என்றாள்.

பெடலிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன். இன்னும் திருப்ப வேண்டும் என்று கை துடித்தது. திருப்பவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. பஸ்ஸைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்த்தேன். ஒரு நொடி இருக்குமா? ஸ்டியரிங்கில் கனம் திரும்பி வந்தது. கார் ஒன்றுமே நடக்காதது போல வளைந்து பஸ்ஸைத் தாண்டிப் போனது. வால் அசையவே இல்லை. காலையில் இருந்த டயரோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.

அம்மாவுக்கு அடியிலிருந்து அண்ணனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. மீதி வழி முழுக்க அம்மா அசையவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பதுக்கு நாலு நிமிடம் இருந்தது. உள்ளே போனதும் நர்ஸ் அம்மாவை உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். பழைய சீட்டைப் பார்த்து, போன முறை நூற்றெண்பத்தைந்தா என்று உதட்டைப் பிதுக்கினார். மோட்டார் ஓடி, நின்று, காற்று இறங்கியது. நான் எண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

"நூத்து நாப்பத்திரண்டு. பரவாயில்லயே. இந்த மழையில வந்திருக்கீங்க, பயமா இல்லையா?"

"எனக்குத்தான் கண்ணு தெரியலையே" என்றாள் அம்மா. "எதைப் பார்த்துப் பயப்பட?"

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். ஃபைலைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். அதன் நடுக்கம் இன்னும் நின்றபாடில்லை. உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துவிடட்டுமா என்று கேட்டார்.

மூன்று மணிக்கு அம்மா வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு வெளியே வந்தாள். வந்த வழியே, வந்ததைவிட மெதுவாகத் திரும்பினோம். போன் அணைந்து என் பைக்குள் கிடந்தது. மழை விட்டபாடில்லை.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். பக்கவாட்டில் கையை வைத்துத் தடவினான். அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தான். ஏன் போன் பாதியில் பேசவில்லை, எவ்வளவு பயந்தேன் தெரியுமா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பயந்தது நிஜம்தான். கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. குறைந்த அடுத்த நொடியே கேட்டான்:

"வண்டி எப்படிம்மா போச்சு?"

"எனக்கென்னடா தெரியும்? கண்ணு தெரியல. காதுதான் நல்லா கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மாவின் கண் கட்டைப் பிரிக்க மறுபடி போக வேண்டும். அண்ணன் சாவிக்குக் கையை நீட்டினான், இடது கையை. முன்பக்கத்துக்கும் இரண்டு டயர் சொல்லிவிட்டு வா, தருகிறேன் என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

நாளைக்கு மழை இருக்காது, எதற்கு அவசரம் என்றான். அவன் தலைக்கு மேல் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் சாவியைப் பைக்குள், அளக்கிற கருவியோடு போட்டு ஜிப்பை இழுத்தேன். அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடந்தான். காலில் அதே பழைய செருப்பு.